தயிர் தின்ற தொட்டி

“பதினொண்ணு, மிஸ். ரெண்டு தடவை எண்ணிட்டேன். பதினொரு தயிர் டப்பா. நம்ம பாதிரியார் தயிர்லயே குளிக்கிறாரோ என்னவோ.”

“அவருக்குத் தயிர் ஒத்துக்காது. ஒரு ஸ்பூன் சாப்பிட்டா முகம் தக்காளிப் பழமாயிடும்.”

“அப்ப எலிதான்.”

“எந்த எலி டப்பாவைக் கழுவி, லேபிளை ஊற வச்சு உரிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கிக் குப்பையில போடும்?”

“நல்ல குடும்பத்து எலியா இருக்கும், மிஸ்.”

கிளெம் டக்கெட் குப்பைக்கூடையிலிருந்து தலையை வெளியே எடுத்தான். காது மடலில் பென்சில் சீவல் ஒன்று ஒட்டியிருந்தது. வயது முப்பத்து நான்கு. வாரத்தில் ஆறு நாள் மீன் வண்டி ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை புனித மில்பர்கா ஆலயத்தின் மணியை அடிப்பான். ஹெஸ்டர் ப்ரூம் கூப்பிட்டால் துப்பறிவான். எந்த வேலையில் இருந்தாலும் அவன்மேல் மீன் வாடைதான் அடிக்கும்.

ஹெஸ்டர் ப்ரூம், பாதிரியார்கள் அங்கி மாற்றும் அந்தச் சின்ன அறையில், ஒரு பழைய மரப்பெட்டியின் மேல் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு வருடங்கள் தபால் இலாகாவில், தப்பான விலாசம் எழுதிய கடிதங்களுக்குச் சரியான வீடு தேடும் பிரிவில் இருந்தவர். ‘ஆல்டர்விக்கில் இருக்கும் என் சித்திக்கு’ என்று மட்டும் எழுதியிருந்த உறையைக்கூடச் சரியான சித்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் எது தொலைந்தாலும் ஆட்கள் காவல் நிலையத்தைத் தாண்டி அவர் வீட்டுக்குத்தான் வந்தார்கள். காவல் நிலையத்தில் டீ கொடுப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

இப்போது தொலைந்திருந்தது ஒரு ஞானஸ்நானத் தொட்டி. கல்லில் குடைந்தது. ஒரு கன்றுக்குட்டியின் கனம், ஆயிரம் வருட வயது. வியாழக்கிழமை காலை வரை ஆலயத்தின் மேற்கு மூலையில் நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பாதிரியார் ஃபிஞ்ச் கதவைத் திறந்தபோது, அது நின்ற பீடம் மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி வழக்கம்போல வாசலோரத்து மூன்றாவது பூச்சட்டிக்கு அடியில் கிடந்தது. அந்த ரகசியம் ஊரில் நாலாயிரம் பேருக்குத் தெரியும்.

வேறு எந்த வாரத்தில் தொலைந்திருந்தாலும் இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. ஆல்டர்விக்கின் மார்க்கெட் தெருவில் இரண்டு ஆலயங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. இந்தப் பக்கம் புனித மில்பர்கா, அந்தப் பக்கம் புனித கத்மன். முன்னொரு காலத்தில் கம்பளி வியாபாரத்தில் கொழுத்த இரண்டு அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு ஆலயத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டினார்கள். அண்ணன் இங்கே சதுரக் கோபுரம் எழுப்பினான். தம்பி அங்கே அதைவிட ஒரு முழம் உயரமாக ஊசிக்கோபுரம் எழுப்பினான். இடி இரண்டு தடவை விழுந்து சமரசம் செய்யப் பார்த்தும் நடக்கவில்லை. இப்போது இரண்டு ஆலயங்களையும் நடத்த ஆள் போதாது. ஆகவே பேராயரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது: இரண்டில் வயதில் இளையதைப் பூட்டிவிடுவது. எது இளையது என்று பார்த்துச் சொல்ல பேராயருக்கு அடுத்த பதவியில் இருக்கும் ஆர்ச்டீக்கன், டாக்டர் கிளீவ் என்பவர், வருகிறார். இன்று சனிக்கிழமை. ரயில் நாலு பத்துக்கு. இப்போது மணி இரண்டு.

மில்பர்காவின் சுவர்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் புதிதாக எழுப்பியவை. ஜன்னல்கள் அதற்கும் பிந்தியவை. மில்பர்கா கிழவி என்று நிரூபிக்க அந்தத் தொட்டி ஒன்றுதான் சாட்சி.

கிளெமுக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. ஈஸ்டர் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை இதே ஆலயத்தில் அவனுக்கும் வின்னி பாஸ்குக்கும் கல்யாணம். மில்பர்காவைப் பூட்டினால் எதிர்ப்பக்கம்தான் போகவேண்டும். எதிர்ப்பக்கம் என்றால் வின்னியின் அம்மா வரமாட்டார். இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் கத்மன் ஆலயத்து அறுவடை விழாவில் அவருடைய பூசணிக்காய்க்கு இரண்டாம் பரிசு கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து நடைபாதையில்கூட அவர் கால் வைத்ததில்லை. மாமியார் வராத கல்யாணம் நல்லதுதானே என்று கிளெம் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னான். வின்னி மூன்று நாள் பேசவில்லை. அம்மா இல்லாமல் கல்யாணம் கிடையாது என்று நாலாம் நாள் பேசினாள்.

“வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு நீ எங்க இருந்தே?” என்றார் ஹெஸ்டர்.

“என்னையே சந்தேகப்படறீங்களா?”

“பழக்கதோஷம். சொல்லு.”

“மார்க்கெட் தெருவுலதான். வண்டி நிறைய மீனு. ஐஸ் உருகிட்டிருக்கு. எதிர்ல ஒரு சாவு ஊர்வலம் வந்துடுச்சு. மரியாதைக்கு வண்டியை ஓரங்கட்டி, தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஆமை கூட முந்திடும், அவ்வளவு மெதுவாப் போனாங்க. அப்புறம் நான் வின்னி வீட்டு மீன் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவளோட அம்மா விட்ட வசவு இருக்கே, அந்தச் சூட்டுலயே மீன் பாதி வெந்துடுச்சு.”

ஹெஸ்டர் தலையாட்டினார். கண்கள் தயிர் டப்பாக்களிலேயே இருந்தன. பிறகு எழுந்து ஆலயத்தின் உள்ளே நடந்தார். கிளெம் பின்னாலேயே போனான்.

தொட்டியின் மர மூடி மட்டும் உத்தரத்துக் கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வடக்குச் சுவரோரம், நூறு வருடமாக அங்கேயே நிற்கும் சவ வண்டி. நாலு சக்கரம், மேலே மடித்துவைத்த கறுப்புத் துணி. கிளெம் யோசனையோடு அதன்மேல் சாய்ந்தான். வண்டி சத்தமே இல்லாமல் நழுவிப் போய், அவனைத் தரையில் உட்கார வைத்தது.

“அடப்பாவி வண்டி! முன்னெல்லாம் இதைத் தொட்டாலே பன்னி மாதிரி கத்தும். பெரியவர் வர்றாருன்னு எண்ணெய் போட்டிருக்காங்க போல.”

“எழுந்திரு. இதைப் பார்.”

வாசலருகே அடுக்கியிருந்த தபால் அட்டைகளில் ஒன்றை ஹெஸ்டர் உருவியிருந்தார். தொட்டியின் படம். பாசியும் சுண்ணாம்பும் அப்பிய கல்லில் மொழுக்கென்று இரண்டு உருவங்கள். ‘புனித மில்பர்கா வயலிலிருந்து வாத்துகளை விரட்டும் காட்சி’ என்று கீழே அச்சாகியிருந்தது.

“ஞானஸ்நானம் ஆன நாள்லேர்ந்து பார்க்கறேன் மிஸ். எனக்கு ஒரு உருளைக்கிழங்கு மூட்டை இன்னொரு உருளைக்கிழங்கு மூட்டையைத் துரத்தற மாதிரிதான் தெரியுது.”

“கிளெம், தயிரைச் சாப்பிடாம வேற எதுக்கு உபயோகிப்பாங்க?”

“வின்னி அம்மா தோட்டத்துக் குள்ளன் பொம்மைக்குப் பூசுவாங்க. தயிர் பூசினா கல்லு சீக்கிரம் பாசி பிடிச்சுப் பழசாத் தெரியுமாம்.” சொல்லி முடித்ததும்தான் அவனுக்கே உறைத்தது. “ஓ!”

“புதுக் கல்லைப் பழைய கல்லாக் காட்டணும்கிற அவசரம் இந்த ஊர்ல இன்னிக்கு யாருக்கு இருக்கு?”

இருவரும் திறந்த கதவு வழியே தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார்கள்.

*

கத்மன் ஆலயத்தின் ஊசிக்கோபுரம் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதன் பாதிரியார் ட்ரிம்பிளும் அப்படித்தான். இரண்டும் ஒரே காற்றில் சாய்ந்தவை என்று மில்பர்காக்காரர்கள் சொல்வார்கள். அவர் ஏணிமேல் நின்று அறிவிப்புப் பலகைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். தலையில் கறுப்புத் தொப்பி, கையில் வெள்ளை பிரஷ்.

“மும்முரமா இருக்கீங்க போல, ஃபாதர்?” என்றார் ஹெஸ்டர்.

“எழுத்து மங்கிப்போச்சு மிஸ் ப்ரூம். துலக்கறேன். அவ்வளவுதான்.”

பலகையில் ‘கட்டப்பட்ட ஆண்டு 1020’ என்று இருந்தது. முதல் பூஜ்யம் இன்னும் ஈரமாக இருந்தது.

“போன வாரம் ஆயிரத்து முந்நூத்து இருபதுன்னு போட்டிருந்துச்சே?” என்றான் கிளெம்.

“அது தப்பு. ஆராய்ச்சி பண்ணித் திருத்தியாச்சு.”

“எப்பப் பண்ணினீங்க?”

“காலைல. டீ குடிக்கறப்ப.”

ஹெஸ்டர் அறிவிப்புப் பலகையை விட்டு வாசலை அண்ணாந்து பார்த்தார். “இந்த வாசல் வளைவு கூரா இருந்ததா ஞாபகம்.”

“கூரா இருந்தா என்ன, உருண்டையா இருந்தா என்ன மிஸ்?” என்றான் கிளெம்.

“கட்டட வயசு வளைவுலதான் தெரியும் கிளெம். உருண்டை வளைவு தாத்தா, கூர் வளைவு பேரன். ஃபாதர் வீட்டுப் பேரன் ஒரே வாரத்துல தாத்தாவாயிட்டான்.”

கிளெம் எம்பி வளைவில் விரல் முட்டியால் தட்டினான். கல் அப்படிச் சத்தம் போடாது. டொக் டொக் என்றது. இரண்டாவது டொக்கில் கல் போல வர்ணம் அடித்த ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று பெயர்ந்து அவன் தோளில் விழுந்தது. அவன் அதை முகர்ந்தான்.

“டீ வாசனை, மிஸ்!”

பாதிரியார் ட்ரிம்பிள் ஏணியிலிருந்து ஒரு படி இறங்கினார். கழுத்து வரை சிவந்திருந்தார். “நாப்பது பை டீ. கெட்டியாக் காய்ச்சி மூணு தடவை பூசினேன். ஆயர் கல்லூரியில இதெல்லாம் சொல்லிக் கொடுக்கலை, நானாக் கத்துக்கிட்டது. ஆர்ச்டீக்கன்கிட்ட சொல்லிடாதீங்க.”

“தயிர்?”

“தயிரா? சீச்சீ! தயிரு தோட்டத்துப் பொம்மைக்குப் பூசறது. ஆலயம்னா டீதான் மரியாதை.”

அவர் குரலில் இருந்த அருவருப்பு நிஜமாக இருந்தது. இருந்தாலும் ஹெஸ்டர் சுவரோரக் குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிழியாத டீப் பைகள், எண்ணெய் வழியும் மத்தி மீன் டின், பாதி கடித்த ரொட்டி, எல்லாம் ஒரே கூழாக. கழுவிய டப்பா ஒன்றுகூட இல்லை. மூடியை மரியாதையாக மூடினார்.

உள்ளேயும் ஒரு சுற்று வந்தார்கள். தொட்டி ஒளிந்திருக்கவில்லை. கத்மன்காரர்களுடைய சொந்தத் தொட்டி ஒரு மூலையில் சோப்புப் பெட்டி போல வழவழவென்று நின்றது. ஆயிரத்து எண்ணூறுகளில் வாங்கியதா ஆயிரத்துத் தொள்ளாயிரங்களிலா என்று அவர்களுக்கே சண்டை. “ஆதியில ஒரு தொட்டி இருந்துச்சாம், தொலைஞ்சுபோச்சாம்” என்றார் ட்ரிம்பிள். “யாரு எடுத்தா, எப்போ, ஒண்ணும் தெரியாது. நாங்க பெருந்தன்மையான ஜனங்க. தேடலை.”

பலிபீடத்துக்கு மேலே வர்ணக் கண்ணாடி ஜன்னலில் புனித கத்மன் வியர்க்க வியர்க்க நடந்துகொண்டிருந்தார். நடக்க முடியாத தாயாரை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடியே ஊர் ஊராக நடந்து, கடைசியில் வண்டி முறிந்த இடத்தில் ஆலயம் கட்டியவர் அவர். கண்ணாடியில் அந்தத் தாயார் ஒரு விரலை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மேடு பள்ளம் பார்த்துத் தள்ளு என்பதாக இருக்கலாம். கிளெமுக்கு வின்னியின் அம்மா நினைவு வந்தது.

“சரி, நாங்க வர்றோம் ஃபாதர். பேரனைப் பார்த்துக்குங்க” என்றார் ஹெஸ்டர்.

வாசல் வரை வந்த ட்ரிம்பிள் தயங்கினார். “ஒரு வருத்தம் மட்டும் சொல்லிடறேன். போட்டி போட்டிதான், துக்கம் துக்கம்தான். உங்க பக்கம் யாரோ இறந்துட்டாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப வேண்டாமா? வியாழக்கிழமை இந்த ஏணி மேல நிக்கறேன், ஊர்வலம் போகுது. பதறிப்போய்த் தொப்பியைக் கழட்டினேன். கையில பிரஷ் இருந்தது மறந்துபோச்சு.” தொப்பியைத் தூக்கிக் காட்டினார். வழுக்கையின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று நெற்றி வரை ஓடியது. “மண்ணெண்ணெய் போட்டும் போகலை.”

படியில் இறங்கிக்கொண்டிருந்த ஹெஸ்டர் அப்படியே நின்றார். கிளெம் அவர் முதுகில் மோதி நின்றான்.

“கிளெம், மில்பர்காவுல யாராவது செத்தா மணி அடிக்கறது யாரு?”

“நான்தான். வயசுக்கு ஒரு அடி. போன மாசம் கிழவர் காபிட்டுக்குத் தொண்ணூத்தாறு அடி அடிச்சேன். ரெண்டு நாளைக்கு என்னால பல் தேய்க்க முடியலை.”

“வியாழக்கிழமை எத்தனை அடி அடிச்சே?”

கிளெம் எண்ணுவதற்கு ஒரு விரலை நீட்டினான். பிறகு அதை மடக்கிக்கொண்டான்.

“மிஸ்… அப்ப நான் யாருக்குத் தொப்பியைக் கழட்டினேன்?”

“எதுக்குக் கழட்டினேன்னு கேளு. ஊர்வலத்துல யார் யார் இருந்தாங்க?”

“ஏழு பொம்பளைங்க, கறுப்புக் கோட்டு. முன்னாடி மிசஸ் த்ரிப். பின்னாடி பூராவும் நம்ம துப்புரவுக் குழு.”

“அழுதாங்களா?”

கிளெம் யோசித்தான். “இல்ல. மூச்சு வாங்கினாங்க.”

“சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருக்காங்க, கத்தாம இருக்க. மூடியைத் தூக்கற கப்பியிலயே தொட்டியையும் தூக்கி வண்டியில இறக்கியிருக்காங்க. மேல கறுப்புத் துணி. ஊரே தொப்பியைக் கழட்டி வழிவிட்டிருக்கு. திருட்டுக்கு இவ்வளவு மரியாதை இதுவரைக்கும் யாரும் பண்ணினதில்ல.” ஹெஸ்டர் தெருவில் வேகமாக நடக்க ஆரம்பித்தார். “தயிர் டப்பாவைக் கழுவி லேபிளை உரிச்சுக் குப்பையில போடற ஜாதி இந்த ஊர்ல ஒருத்தர்தான். நான் முதல்லயே அங்க போயிருக்கணும். வா.”

*

ஈனிட் த்ரிப்புக்கு எழுபத்துநாலு வயது. மில்பர்கா ஆலயத் துப்புரவுக் குழுவின் தலைவி. வேதாகமம் வைக்கும் மேடையைத் தாங்கும் பித்தளைக் கழுகுக்கு, அவர் தேய்த்துத் தேய்த்தே அலகு பாதியாகிவிட்டது. அதை இப்போது கிளி என்றுதான் சிறுபிள்ளைகள் சொல்கிறார்கள்.

மில் சந்தில் இருந்த அவர் வீட்டுக் கதவருகே ஒரு குண்டுப் பூனை படுத்திருந்தது. அதன் மீசை வெள்ளையாக இருந்தது. மீசைக்குக் கீழேயும் வெள்ளையாக இருந்தது. ஹெஸ்டர் குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்.

துணி காயும் கொடிக்கும் முட்செடி வேலிக்கும் நடுவே, குளிர்ந்த நிழலில், ஆயிரம் வருடத்துத் தொட்டி நின்றது. ஒரு பக்கம் முழுக்கத் தயிர். மறுபக்கம் இரண்டு பூனைகள். முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த மிசஸ் த்ரிப்பின் கையில் கேக்குக்கு முட்டை தடவும் பிரஷ் இருந்தது.

“ஐயோ” என்றார் மிசஸ் த்ரிப். பிறகு, நல்ல பழக்கம் விடாமல், “டீ சாப்பிடறீங்களா?” என்றார்.

“டீ வேண்டாம். இப்பத்தான் ஒரு வாசல் நிறைய மோந்துட்டு வர்றோம்” என்றான் கிளெம்.

அவ்வளவுதான். மிசஸ் த்ரிப் அழ ஆரம்பித்துவிட்டார். பிரஷ்ஷால் கண்ணைத் துடைத்ததில் புருவமும் வெள்ளையானது.

“நான் திருடலை மிஸ் ப்ரூம்! சத்தியமாக் கழுவத்தான் எடுத்துட்டு வந்தேன். பெரிய மனுஷர் வர்றாரு, தொட்டியில ஆயிரம் வருஷத்து அழுக்கு. எனக்குத் தூக்கம் வரலை. என் மாப்பிள்ளைகிட்ட கார் கழுவற மிஷின் இருக்கு, தண்ணியைப் பீரங்கி மாதிரி பீச்சும். அதை ஆலயத்துக்குள்ள கொண்டுபோனா பாட்டுப் புஸ்தகமெல்லாம் நனையும். அதான் தொட்டியை இங்க கொண்டு வந்தோம். எதிர்ப்பக்கத்து ட்ரிம்பிள் பார்த்துடக் கூடாதேன்னு மேல துணி போட்டோம். சாயங்காலமே திருப்பிக் கொண்டுபோய் வச்சிருப்போம்.”

“ஏன் வைக்கலை?”

“பாருங்களேன்! கழுவினதும் பளபளன்னு ஆயிடுச்சு. நேத்து கடையில வாங்கின மாதிரி. அதான் தயிரு. இந்தச் சந்துல குப்பையை எட்டிப் பார்க்காத வீடு கிடையாது, அதனால டப்பாவைக் கோயில்ல போட்டேன். மூணு வேளையும் பூசறேன். விடிஞ்சு பார்த்தா கல் அவ்வளவையும் குடிச்சிருக்கு!”

“கல் குடிக்கலை மிசஸ் த்ரிப்” என்றான் கிளெம், பூனைகளைக் காட்டி. “அதோ அதுங்க குடிக்குது. உங்க புண்ணியத்துல இந்தச் சந்துப் பூனைங்களுக்குத் தவக்காலமே இல்லாமப் போச்சு.”

அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. தொட்டி கிடைத்துவிட்டது. மணி மூன்றரை. வண்டியைக் கொண்டுவந்து ஏற்றிப் பீடத்தில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போக நேரம் சரியாக இருக்கும். பாதிரியார் ஃபிஞ்சின் கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் ஆர்ச்டீக்கனை அழைத்துவரும் பொறுப்பும் மீன் வண்டிக்குத்தான் வந்திருந்தது. கல்யாணம், வின்னி, வின்னியின் அம்மா, எல்லாம் வரிசையாக அவன் கண்முன் வந்து நின்று சிரித்தார்கள். வின்னியின் அம்மா சிரித்ததை மட்டும் அவனால் நம்ப முடியவில்லை.

“இதுக்கா அழறீங்க? அழுக்குப் போனா வயசு போயிடுமா? செதுக்கினது இருக்குல்ல, அதைப் பார்த்தாலே படிச்ச மனுஷருக்குத் தெரிஞ்சுடும். எழுந்திருங்க, கண்ணைத் துடைங்க. அந்த பிரஷ்ல வேண்டாம்.”

மிசஸ் த்ரிப் எழுந்திருக்கவில்லை. “செதுக்கினதுதான் கண்ணு பிரச்சினையே” என்றார் மெதுவாக.

ஹெஸ்டர் ஏற்கனவே தொட்டிமுன் மண்டியிட்டிருந்தார். கைக்குட்டையை எடுத்து, தயிர் அப்பியிருந்த பக்கத்தை மேலிருந்து கீழாகத் துடைத்தார். பூனைகள் அவரை வெறுப்போடு பார்த்தன. தபால் அட்டையை எடுத்துக் கல்லின் பக்கத்தில் பிடித்தார். அட்டையையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நகர்ந்து கிளெமுக்கு இடம் விட்டார்.

பாசியும் சுண்ணாம்பும் போன கல்லில் உருவங்கள் நேற்றுச் செதுக்கியதுபோல நின்றன. அட்டையில் இருந்த முதல் உருளைக்கிழங்கு மூட்டை, குனிந்து எதையோ தள்ளுகிற ஓர் ஆண். வாத்து வாத்தாக இல்லை. அதற்கு ஆரக்கால்கள் இருந்தன. அது ஒற்றைச் சக்கரம். சக்கரத்துக்கு மேலே ஒரு வண்டி. வண்டிக்குள்ளே காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா.

கிளெமுக்கு அந்த விரலை நன்றாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்த அதே விரல்.

“இது மில்பர்கா இல்ல” என்றான்.

“இல்ல.”

“கத்மன். அவரோட அம்மா.”

“ஆமா.”

“அப்ப இந்தத் தொட்டி…”

“அவங்களோடது” என்றார் ஹெஸ்டர். “ஆதியில தொலைஞ்சதுன்னு சொன்னாரே, அந்தத் தொட்டி. நம்ம ஆளுங்க எப்பவோ தூக்கிட்டு வந்து சுண்ணாம்பு அடிச்சு வாத்துன்னு பேர் வச்சுட்டாங்க.”

“அப்பவும் சவ வண்டியிலதானா?” என்று கேட்டான் கிளெம். ஆனால் அந்தக் கேலியில் அவனுக்கே உயிர் இல்லை. அவன் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். தொட்டியைத் திருப்பி வைத்தால் அது கத்மனுக்குச் சாட்சி சொல்லும், மில்பர்காவைப் பூட்டுவார்கள். வைக்காவிட்டால் மில்பர்காவுக்குச் சாட்சியே இல்லை. அப்போதும் மில்பர்காவைத்தான் பூட்டுவார்கள். எப்படிப் புரட்டிப் போட்டாலும் கணக்கின் கடைசியில் ஒரு பூசணிக்காய் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் பரிசு வாங்கிய பூசணிக்காய்.

“துப்புரவுக் குழுவுல மத்தவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் ஹெஸ்டர்.

“கழுவறப்ப நான் ஒருத்திதான் இருந்தேன். பார்த்ததும் மிஷினை நிறுத்திட்டேன். அந்த அம்மா வண்டியில உட்கார்ந்துக்கிட்டு என்னையே திட்டற மாதிரி இருந்துச்சு.” மிசஸ் த்ரிப் மூக்கை உறிஞ்சினார். “பழசாக் காட்டறதுக்கு இல்ல மிஸ் ப்ரூம். மூடறதுக்குத்தான் பூசறேன். பாசி பிடிச்சா மறுபடியும் வாத்தாயிடும்ல?”

தூரத்தில் மில்பர்கா கோபுரத்துக் கடிகாரம் மூன்றே முக்காலுக்கு மணி அடித்தது. ஒரு நொடி பிந்தி, அதைவிடச் சத்தமாக, கத்மன் கடிகாரமும் அடித்தது.

ஹெஸ்டர் கைக்குட்டையைப் பிழிந்தார். தயிர் சொட்டியது. “இருபத்தேழு வருஷத்துல ஒரு பொருளைக்கூட நான் தப்பான விலாசத்துல விட்டதில்ல” என்றார், யாரையும் பார்க்காமல்.

குண்டுப் பூனை திரும்பி வந்து, கத்மனின் தாயார் முகத்தில் மிச்சமிருந்த தயிரை நிதானமாக நக்கியது. அதற்குப் பிறகு விரல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

கிளெம் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான். நாலு பத்து ரயில் இப்போது கடைசி மேட்டைத் தாண்டியிருக்கும். ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் தெருவுக்கு இரண்டே மைல்.

மிசஸ் த்ரிப் முக்காலியிலிருந்து எழுந்து வந்து, தயிர்க் கையோடு அவன் சாவிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிளெம் கண்ணு, நல்லாப் பாசி பிடிக்க ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. ஸ்டேஷன்லேர்ந்து வர்றப்ப அந்தப் பெரியவரைக் கொஞ்சம் சுத்துவழியாக் கூட்டிட்டு வர்றியா?”